கண்டிச் சீமையின் காற்றுக் கணக்கு

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து மடுவத்தில் நிறுக்கப்படுகிறது. தொழிற்சாலையை விட்டு வெளியேறும் தூளும் நிறுக்கப்படுகிறது. இந்த இரண்டு நிறுவைகளுக்கும் நடுவே, தராசில் ஏறாமலே, கொழுந்தைப் போல் நூறு மடங்குக்கும் மேல் எடையுள்ள ஒரு பொருள் தொழிற்சாலைக்குள் வந்து போகிறது. அது காற்று. கொழுந்தை வாட்டுவதும் தூளை உலர்த்துவதும் அதன் வேலை. தராசில் வைக்க முடியாத அதை நிமிடத்துக்கு இத்தனை கன அடி என்று கனவளவால் அளப்பதே வழக்கம். ஆனால் வாயுவின் கனவளவு நிலையான அளவன்று. வெப்பம் ஏறினால் விரியும். அமுக்கம் ஏறினால் சுருங்கும். நீராவி கலந்தால் அதன் தன்மையே வேறாகும். கொழும்பில் ஓர் அறையை நிறைக்கும் காற்றை நுவரெலியாவுக்குக் கொண்டுபோனால் அந்த அறை போதாது. கண்டி மலைநாட்டின் கோப்பித் தொழிலும் தேயிலைத் தொழிலும் இந்த உண்மையோடு பழகிய வரலாறு நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்டது.

இந்த வரலாற்றை ஓரிடத்தில் நின்று பார்க்கலாம். பேராதனையிலிருந்து கம்பளைக்குச் செல்லும் வீதியிலும் புகையிரதப் பாதையிலும் இடையில் இருக்கும் சிறு பட்டினம் கெலிஓயா. மகாவலி கங்கையின் பள்ளத்தாக்கில், கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் அது அமைந்திருக்கிறது. அண்மையிலேயே ஹந்தானை மலைத்தொடர் எழுந்து நிற்கிறது. இலங்கையின் பெருந்தோட்ட வரலாற்றில் இந்தச் சுற்றுப்புறத்துக்குத் தனி இடம் உண்டு. 1820களில் ஜோர்ஜ் பேர்ட் கம்பளைக்கு அருகே சிங்ஹாபிட்டியில் கோப்பித் தோட்டம் போட்டார். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் பேராதனைக்கு எதிர்ப்புறமுள்ள கன்னொறுவையில் கோப்பி பயிரிட்டார். பின்னர் தேயிலைக்கு வித்துக் கொடுத்ததும் பேராதனைத் தாவரவியல் பூங்காதான். தமிழ்நாட்டிலிருந்து மன்னார் வழியாகக் காட்டுப்பாதையில் நடந்துவந்த தொழிலாளர் முதலில் இறங்கியது இந்தக் கோப்பித் தோட்டங்களில்தான். அவர்களுடைய பேச்சில் மலைநாடு முழுவதும் கண்டிச் சீமையாயிற்று.

கோப்பிக் காலத்திலேயே காற்றின் சிக்கல் தொடங்கிவிட்டது. பழத்தின் தோலை நீக்கி, புளிக்கவைத்துக் கழுவிய கொட்டையை வெயிலில் பரப்பி உலர்த்த வேண்டும். அறுவடையோடு மழையும் சேர்ந்து வந்தால் களத்தில் பரப்பிய கொட்டை நாட்கணக்கில் ஈரமாகவே கிடக்கும், பூஞ்சணம் பிடிக்கும், நிறம் கெடும். இதற்கு ஒரு வழி கண்டவர் வில்லியம் கிளெரிஹியூ என்னும் தோட்டக்காரர். துளையிட்ட தளத்தின்மேல் கோப்பியைப் பரப்பி, விசிறிகளின் உதவியால் சூடான காற்றை அந்தப் படுக்கையினூடாக இழுத்துச் செலுத்துவது அவருடைய முறை. 1851இல் லண்டனில் நடந்த பெருங்கண்காட்சியில் இதன் மாதிரிகள் வைக்கப்பட்டன. வெயிலுக்குக் காத்திருக்காமல், வேண்டிய காற்றை வேண்டிய சூட்டில் வேண்டிய இடத்துக்கு வரவழைப்பது என்ற எண்ணம் மலைநாட்டுத் தொழிலில் இவ்வாறு நுழைந்தது. பிற்காலத் தேயிலைத் தொழிற்சாலைகள் செய்தவை எல்லாம் இதன் விரிவு என்று சொன்னால் மிகையாகாது. கோப்பி நிலைத்திருந்தால் அந்த முறை எவ்வளவு வளர்ந்திருக்குமோ தெரியாது. 1869இல் தென்பட்ட கோப்பி இலைத் துரு நோய் இருபது ஆண்டுகளுக்குள் கோப்பியைப் பெரும்பாலும் துடைத்துவிட்டது.

கோப்பி விட்ட இடத்தைத் தேயிலை பிடித்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் ஹேவாஹெட்டப் பகுதியின் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். கண்டிக்குப் புகையிரதம் வந்ததும் அதே ஆண்டில். டெய்லரின் தொடக்க காலத் தொழிற்சாலை அவருடைய பங்களா விறாந்தைதான். மேசைமேல் கொழுந்தைக் கையால் உருட்டினார்கள். மண் அடுப்பில் மரக்கரி மூட்டி, அதற்கு மேலே கம்பி வலைத் தட்டில் தூளை உலர்த்தினார்கள். இங்கே காற்றை யாரும் அளக்கவில்லை. கரியின் சூட்டில் விரிந்து இலேசான காற்று தானே மேலெழுந்து தட்டினூடாகப் போயிற்று. எவ்வளவு போயிற்று என்பதற்குக் கண்ணும் மூக்கும் கைவிரலும்தான் அளவுகோல். 1873இல் டெய்லரின் தேயிலை 23 இறாத்தல் லண்டனுக்குப் போனது. அந்த அளவுக்கு மண் அடுப்பு போதுமானது. பத்து ஆண்டுகளில் மலைநாடு முழுவதும் தேயிலையாக மாறத் தொடங்கியபோது அது போதவில்லை.

அடுத்த படி அஸ்ஸாமிலிருந்தும் பெல்பாஸ்டிலிருந்தும் வந்தது. வட அயர்லாந்துக்காரரான சாமுவேல் டேவிட்சன் 1864இல் அஸ்ஸாமின் கச்சார் பகுதிக்குத் தேயிலைத் தோட்ட வேலைக்குப் போனவர். 1877இல் அவர் செய்த உலர்த்தி இயந்திரத்துக்குச் சஹாரா பாலைவனத்திலிருந்து வீசும் வெப்பக் காற்றின் பெயரான சிறொக்கோ என்று பெயரிட்டார். 1881இல் பெல்பாஸ்டில் சிறொக்கோ பொறியியல் தொழிற்சாலையைத் தொடங்கினார். 1874இல் நாவலப்பிட்டி வரை நீண்டிருந்த புகையிரதப் பாதை கெலிஓயாவைக் கடந்து இத்தகைய கனத்த இரும்பு இயந்திரங்களை மலைக்குள் ஏற்றிச் செல்லப் பயன்பட்டது. தொடக்க கால சிறொக்கோவில் விசிறி கிடையாது. அடுப்பில் சூடான காற்று தூள் தட்டுகளினூடாகத் தானே எழுந்து புகைபோக்கி போன்ற மேற்கூட்டின் வழியே வெளியேறும். புகையும் கரித்தூசும் தூளில் படாமல் காற்று மட்டும் தூளைத் தொட்டது இதன் பெரிய நன்மை.

இந்த இயந்திரம் இயங்கியதன் அடிப்படை, வாயுவின் கனவளவுக்கும் வெப்பத்துக்கும் உள்ள உறவு. பிரான்சில் ஜாக் சார்ல்ஸ் 1787 அளவில் ஆராய்ந்து, ஜோசப் கே-லுசாக் 1802இல் வெளியிட்ட விதி அது. அமுக்கம் மாறாமல் இருந்தால் வாயுவின் கனவளவு அதன் தனி வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் மாறும். தனி வெப்பநிலை என்பது செல்சியஸ் பாகையோடு 273ஐக் கூட்டினால் கிடைப்பது. கெலிஓயாவில் 25 பாகையில் உள்ள காற்றைத் தேயிலை உலர்த்தும் 95 பாகைக்குச் சூடாக்கினால் 298 என்பது 368 ஆகிறது. நூறு கன அடிக் காற்று ஏறக்குறைய 123 கன அடியாகிறது. எடை மாறவில்லை, இடம் மட்டும் கூடியிருக்கிறது. அதனால் ஒவ்வொரு கன அடியும் இலேசாகி மேலெழுகிறது.

விசிறி வந்தபோது இதே விரிவு வேறொரு கேள்வியைக் கொண்டுவந்தது. டேவிட்சன் 1890களின் இறுதியில் உருவாக்கிய, பல சிறு அலகுகள் கொண்ட மையநீக்க விசிறி உலகமெங்கும் சுரங்கங்களுக்கும் கப்பல்களுக்கும் போயிற்று. விசிறி ஒரு சுற்றில் குறிப்பிட்ட கனவளவைத்தான் தள்ளும். அது குளிர்ந்த காற்றா சூடான காற்றா என்பது அதற்குப் பொருட்டன்று. அடுப்புக்கு முன்னால் வைத்த விசிறி 25 பாகைக் காற்றின் ஒரு கன மீற்றரைத் தள்ளும்போது ஒரு கிலோகிராமுக்குச் சற்று அதிகமான காற்று போகிறது. அதே விசிறியை அடுப்புக்குப் பின்னால் வைத்து 95 பாகைக் காற்றை இழுக்கவைத்தால் அதே ஒரு கன மீற்றரில் 900 கிராம் அளவே போகும். ஈரத்தைச் சுமந்து செல்வது காற்றின் திணிவு. விசிறியின் கணக்கு கனவளவில் இருக்க, வேலையின் கணக்கு திணிவில் இருக்கிறது. தேயிலைத் தொழிற்சாலையின் காற்றுக் கணக்கில் நேர்ந்த பிழைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணியதால் வந்தவை.

உலர்த்துவதைவிட வாட்டுவது நுட்பமான வேலை. பறித்த கொழுந்தின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் நீர். அதை உருட்டும்போது நொறுங்காமல் முறுக்கேறுவதற்கு முதலில் துவள வேண்டும். இதற்குப் பன்னிரண்டு முதல் பதினெட்டு மணி நேரம் வரை ஆகும். மலையகத் தொழிற்சாலைகள் மூன்று நான்கு மாடிகளாக, வரிசை வரிசையான சாளரங்களோடு கட்டப்பட்டதற்கு இதுதான் காரணம். மேல் மாடிகளில் சாக்குத்துணியை அடுக்கடுக்காக இழுத்துக் கட்டி, அதன்மேல் கொழுந்தை மெல்லியதாகத் தூவுவார்கள். நல்ல வெயில் நாளில் சாளரங்களைத் திறந்தால் போதும். மழைக்காலத்தில் சாளரங்களைச் சாத்திவிட்டு, கீழ்த்தளத்து உலர்த்தி அறையின் சூடான காற்றை விசிறிகளால் மேலே இழுப்பார்கள். ஹந்தானையில் 1925இல் கட்டப்பட்ட நான்கு மாடித் தொழிற்சாலை இந்த அமைப்புக்கு நல்ல சான்று. மலைநாட்டில் எங்கே போனாலும் பச்சைச் சரிவின் நடுவே தெரியும் அந்த வெள்ளைக் கட்டடங்கள் தேயிலையை வைப்பதற்கு என்பதைவிடக் காற்றை வைப்பதற்கே அவ்வளவு பெரிதாகக் கட்டப்பட்டவை.

வாட்டும் மாடியில் நின்றவர்களின் திறமை எந்த நூலிலும் போதிய அளவு பதியப்படவில்லை. கொழுந்தைப் பிடியாக அள்ளி உள்ளங்கையில் நெரித்து விட்டால் அது உருண்டையாக நிற்கிறதா, மெல்ல விரிகிறதா என்று பார்ப்பார்கள். தண்டை வளைத்தால் முறிகிறதா துவள்கிறதா என்று பார்ப்பார்கள். வாசனை பச்சையிலிருந்து பழத்தின் மணத்துக்கு மாறுவதைக் கவனிப்பார்கள். தொழிற்சாலைப் பொறுப்பாளரான டீமேக்கர் விடியுமுன் மாடியேறி வந்து கேட்பது இவர்கள் சொல்லும் பதத்தைத்தான். எந்தச் சாளரத்தை எந்த வேளையில் எத்தனை விரற்கடை திறப்பது என்பது தலைமுறை அனுபவமாக இருந்தது. காற்றின் ஈரம், வேகம், சூடு ஆகிய மூன்றையும் அவர்கள் தோலால் அளந்தார்கள். கருவிகள் பின்னர் எண்ணாக எழுதிக் காட்டியவற்றில் பெரும் பகுதி இவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது என்பதை மறைக்கக் கூடாது.

அமுக்கத்தின் பங்கு மலைநாட்டில் தனித்துத் தெரியும். இத்தாலியின் டொரிசெல்லி 1640களில் இரசப் பாரமானியைச் செய்தார். 1648இல் பஸ்காலின் வேண்டுகோளின்படி அவருடைய மைத்துனர் பிரான்சின் பியூய் த டோம் மலைமேல் அதை எடுத்துச் சென்றபோது, உயரம் கூடக் கூட இரசமட்டம் இறங்கியது. 1662இல் ரொபேட் பொயில், ஆங்கில ஜே எழுத்துப்போல் வளைந்த கண்ணாடிக் குழாயில் காற்றை அடைத்து இரசத்தை ஊற்றி, அமுக்கம் இரண்டு மடங்கானால் கனவளவு பாதியாகிறது என்பதைக் காட்டினார். வெப்பநிலை மாறாமல் இருக்கவேண்டும் என்பது அதன் நிபந்தனை. மலையேறும்போது இது தலைகீழாக நடக்கிறது: அமுக்கம் குறையக் குறையக் காற்று விரிகிறது.

கண்டிச் சீமைக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். கொழும்புக் கரையில் வளியமுக்கம் ஏறக்குறைய 1010 ஹெக்டோபஸ்கால். கெலிஓயா உயரத்தில் 955 அளவு. ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 810 அளவு. பாடநூல்களில் ஒரு மூல் வாயுவின் கனவளவு 22.4 லீற்றர் என்று வரும். அது பூச்சியப் பாகையிலும் கடல்மட்ட அமுக்கத்திலும் மட்டும் உண்மை. இலங்கையில் அந்த நிலை எங்கும் இல்லை. அந்த ஒரு மூல் காற்று கொழும்பின் சூட்டில் ஏறக்குறைய 24.7 லீற்றர் இடம் பிடிக்கும். கெலிஓயாவில் 26 லீற்றருக்குச் சற்றுக் குறைவாகும். நுவரெலியாவில் 15 பாகைக் குளிரிலும் 29.5 லீற்றரைத் தாண்டும். குளிர் சுருக்கப் பார்க்கிறது, உயரம் விரிக்கிறது, வெல்வது உயரம். எனவே கடல்மட்டக் காற்றுக்கு என்று பெல்பாஸ்டில் கணித்து அனுப்பிய விசிறி, நுவரெலியாப் பக்கத்துத் தோட்டத்தில் சொன்ன கன அடியைச் சொன்னபடியே தள்ளும். ஆனால் அதற்குள் இருக்கும் காற்று ஆறில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்திருக்கும். கெலிஓயா, ஹந்தானைப் பக்கத்தில் இந்தக் குறைவு சிறிது. அதனால் ஒரு தோட்டத்தில் சரிவந்த விசிறி வேகத்தை இன்னொரு தோட்டத்துக்கு அப்படியே எடுத்துச் செல்ல முடியாது.

விசிறி உண்டாக்கும் அமுக்கத்தையும் மலை உண்டாக்கும் அமுக்க மாற்றத்தையும் ஒப்பிட்டால் விவரம் தெளியும். தேயிலைத் தொழிற்சாலைகளில் விசிறியின் அமுக்கத்தை நீர்மட்டக் குழாயில் அங்குலக் கணக்கில் பார்ப்பார்கள். ஓர் அங்குல நீர் என்பது 2.5 ஹெக்டோபஸ்கால்; கெலிஓயாவின் வளியமுக்கத்தில் அது கால் வீதம் மட்டுமே. அதனால் காற்றின் கனவளவு மாறுவது கண்ணுக்கே தெரியாது. நுவரெலியாவின் உயரமோ கடல்மட்டத்து அமுக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துவிடுகிறது.

அமுக்கமும் வெப்பமும் ஒன்றாக மாறினால் என்ன நடக்கும் என்பதற்கு மலைநாட்டின் மிகப் பெரிய எடுத்துக்காட்டு கச்சான் காற்று. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு மலைமுகட்டைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்குகிறது. இறங்கும் ஒவ்வொரு நூறு மீற்றருக்கும் அமுக்கத்தால் நசுங்கி ஏறக்குறைய ஒரு பாகை சூடேறுகிறது. ஆயிரம் மீற்றர் இறங்கினால் அமுக்கம் மட்டும் செயற்பட்டிருந்தால் கனவளவு 11 வீதம் அளவு சுருங்கவேண்டும். உடன் சூடேறுவதால் 8 வீதமே சுருங்குகிறது. சூடேறிய அந்தக் காற்றுக்கு ஈரத் தாகம் மிகுதி. யூலை தொடக்கம் செத்தெம்பர் வரை பதுளை, பண்டாரவளைப் பக்கம் செடியிலேயே கொழுந்து வாடத் தொடங்கும். அந்தக் காலத் தூளின் மணத்துக்கு ஏலத்தில் தனி விலை. அதே வாரங்களில் மலையின் மேற்குப் பக்கத்துத் தொழிற்சாலைகள் ஈரக் காற்றோடு போராடிக்கொண்டிருக்கும். ஒரே காற்றுத்தான், மலையின் எந்தப் பக்கம் என்பது மட்டுமே வேறு.

இந்த ஈரம் மூன்றாவது காரணி. 1801இல் ஜோன் டால்ட்டன் ஒரு விதியைச் சொன்னார்: கலந்திருக்கும் வாயுக்கள் ஒவ்வொன்றும் தனியே இருப்பதுபோல் தன் பங்கு அமுக்கத்தைச் செலுத்தும், மொத்த அமுக்கம் அவற்றின் கூட்டுத்தொகை. தண்ணீரின் மேல் குழாயைக் கவிழ்த்து வாயுவைச் சேகரிக்கும் பாடசாலைப் பரிசோதனையில் நீரின் ஆவியமுக்கத்தைக் கழிக்கச் சொல்வது இதனால்தான். 25 பாகையில் அது 31.7 ஹெக்டோபஸ்கால். கடல்மட்ட அமுக்கத்தில் இது 3.1 வீதம், கெலிஓயாவில் 3.3 வீதம், அதே வெப்பநிலையில் செய்தால் நுவரெலியாவில் ஏறக்குறைய 4 வீதம். உயரத்துக்கு ஏற்பப் பிழையும் கூடும். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுகூடத்தில் வாயுவை அளக்கும் மாணவர் அன்றைய பாரமானியைப் பார்க்காமல், அட்டவணையில் உள்ள கடல்மட்ட அமுக்கத்தை எழுதினால் விடை ஆறு வீதம் அளவு தவறும்.

தேயிலை மாடியில் ஆவியமுக்கத்தை அறிய ஈர உலர் குமிழ் வெப்பமானி போதும். இரண்டு வெப்பமானிகளில் ஒன்றின் குமிழை ஈரத்துணியால் சுற்றிவைப்பார்கள். காற்று உலர்ந்திருந்தால் துணியின் நீர் விரைந்து ஆவியாகி அந்த வெப்பமானி இறங்கும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு அதிகமோ அவ்வளவு ஈரத்தைக் காற்று இன்னும் வாங்கும். வேறுபாடு ஒரு பாகைக்கும் கீழே போய்விட்டால் விசிறி எவ்வளவு சுற்றினாலும் கொழுந்து வாடாது; மின்சாரம் மட்டும் செலவாகும்.

எண்ணில் பார்த்தால் இந்த வேறுபாட்டின் வலிமை தெரியும். நூறு கிலோகிராம் கொழுந்தில் 77 கிலோகிராம் நீர் என்று வைத்துக்கொள்வோம். மரபு முறைக் கறுப்புத் தேயிலைக்காக அதை 55 வீத ஈரத்துக்கு வாட்டினால் 49 கிலோகிராம் நீர் போகவேண்டும். கெலிஓயா உயரத்தில், 25 பாகையில், ஈரப்பதன் 75 வீதமாக இருக்கும் காற்று நிறைவடையும்வரை ஒரு கன மீற்றருக்கு ஒன்றரைக் கிராம் நீரையே கூடுதலாக ஏற்கும். ஆக, குறைந்தது 32,000 கன மீற்றர் காற்று வேண்டும். அதன் எடை 35 தொன். கொழுந்தின் எடையைப் போல் 350 மடங்கு. அதே காற்றை 30 பாகைக்குச் சூடாக்கினால் அது ஏற்கும் நீர் இரட்டிப்பாகி, தேவை 15,000 கன மீற்றர் அளவுக்கு இறங்குகிறது. ஐந்து பாகைச் சூட்டில் காற்றின் கனவளவு 1.7 வீதம்தான் விரிந்தது. அதன் வேலைத்திறன் இரு மடங்காயிற்று. கனவளவை மட்டும் அளந்துகொண்டிருந்தால் இந்த மாற்றம் கண்ணில் படவே படாது. சூட்டுக்கும் எல்லை உண்டு. 32 பாகைக்கு மேல் போனால் கொழுந்தின் நிறமும் மணமும் கெடும் என்று தொழிற்சாலைகள் அஞ்சுகின்றன.

இத்தகைய கணக்குகளைத் தோட்டங்களுக்குக் கொண்டுபோன நிறுவனம் 1925இல் சட்டத்தின் மூலம் அமைந்த இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம். தொடக்கத்தில் தற்காலிக இடங்களில் இயங்கிய அது, பின்னர் தலவாக்கலையின் சென் கூம்ஸ் தோட்டத்தில் சொந்தத் தொழிற்சாலையோடும் ஆய்வுகூடத்தோடும் நிலைபெற்றது. மத்திய மலைநாட்டுத் தோட்டங்களுக்காக ஹந்தானையில் அதன் கிளை நிலையம் இருக்கிறது. 1958இல் வெளிவந்த ஈ. எல். கீகலின் தேயிலை உற்பத்தி பற்றிய நூல் இந்த நிலையத்தின் அனுபவத்தைத் தொகுத்தது. நெடுங்காலம் டீமேக்கர்களின் கைநூலாக இருந்தது.

அந்த ஆய்வுகூடத்தில் நடந்த வாயு அளவீடுகளில் மிக நுட்பமானது காற்றைப் பற்றியதன்று, அதன் ஒரு பகுதியான ஒட்சிசனைப் பற்றியது. உருட்டிய இலை செம்பு நிறமாகும் கட்டத்தைத் தொழிலில் புளிக்கவைத்தல் என்பார்கள். உண்மையில் அங்கே இலைச்சாறு காற்றிலுள்ள ஒட்சிசனை உறிஞ்சுகிறது. 1939 முதல் 1943 வரை எச். பி. ஸ்ரீரங்காச்சார் இலங்கைத் தேயிலையின் புளிப்பு பற்றிய ஆய்வுக் கட்டுரைகளை இங்கிலாந்தின் பயோகெமிக்கல் ஜேர்னலில் தொடராக வெளியிட்டார். இலை உறிஞ்சும் ஒட்சிசனின் அளவு இவ்வகை ஆய்வுகளின் முதுகெலும்பு. பெரிய தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கான கன மீற்றர்களில் பேசப்படும் வாயு, இங்கே ஒரு மில்லிலீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் பேசப்படுகிறது.

அக்காலத்தில் இதற்கு உலகெங்கும் வழங்கிய கருவி மனோமீற்றர். ஜேர்மனியின் ஒட்டோ வார்புர்க் அதைப் பரவலாக்கினார். சிறு குடுவையில் இலைச்சாற்றை இட்டு, நடுக் கிண்ணத்தில் காபனீரொட்சைட்டை உறிஞ்சும் காரத்தை வைத்து மூடுவார்கள். ஒட்சிசன் உறிஞ்சப்படும்போது குடுவைக்குள் அமுக்கம் குறைந்து, வளைந்த மெல்லிய குழாயில் திரவமட்டம் நகரும். கனவளவை மாறாமல் பிடித்துவைத்து, அமுக்கக் குறைவிலிருந்து போன வாயுவைக் கணிப்பது இதன் சூட்சுமம். குழாயில் ஊற்றும் திரவத்தின் அடர்த்தி, பத்தாயிரம் மில்லிமீற்றர் உயரமான திரவம் ஒரு வளிமண்டல அமுக்கத்துக்குச் சமமாகும்படி வைக்கப்படுகிறது. ஆகவே குடுவையின் வெப்பநிலை ஒரு பாகையில் நூறில் மூன்று பங்கு மாறினாலே மட்டம் ஒரு மில்லிமீற்றர் நகர்ந்து ஒட்சிசன் போலக் கணக்கில் ஏறிவிடும். குடுவைகளை நீர்த்தொட்டியில் அமிழ்த்தி வெப்பத்தை அசையாமல் காப்பது இதனால்தான்.

இலங்கை போன்ற வெப்ப நாட்டில் இன்னொரு இடர் உண்டு. இங்கே வளியமுக்கம் நாள்தோறும் கடலைப்போல் ஏறி இறங்குகிறது. காலை பத்து மணியளவில் உச்சம், பிற்பகல் நான்கு மணியளவில் தாழ்வு, இரவில் மீண்டும் அதேபோல். வேறுபாடு ஏறக்குறைய மூன்று ஹெக்டோபஸ்கால். மனோமீற்றர் திரவத்தில் அது முப்பது மில்லிமீற்றர். காலையில் தொடங்கிய பரிசோதனையைப் பிற்பகலில் முடித்தால் வானமே கணக்கைக் கெடுத்துவிடும். அதனால் வெறும் நீர் மட்டும் இட்ட ஒரு குடுவையைப் பக்கத்தில் வைத்து, அதன் மட்டம் நகர்ந்த அளவை மற்றவற்றிலிருந்து கழிப்பார்கள். அளவீட்டின் நேர்மைக்கு இந்த வெற்றுக் குடுவை தரும் பங்களிப்பு, இலை இட்ட குடுவைக்குச் சற்றும் குறைந்ததன்று.

தொழிற்சாலைத் தளத்தில் பெரிய மாற்றம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் வந்தது. சாக்குத்துணி அடுக்குகள் போய், நீண்ட வாட்டுத் தொட்டிகள் வந்தன. தொட்டியின் கம்பி வலைத் தளத்தில் கொழுந்தைக் கணுக்கால் ஆழத்துக்கு நிரப்பி, ஒரு முனையில் உள்ள விசிறியால் அடியிலிருந்து காற்றை ஏற்றுவார்கள். மாடி முழுவதும் பரவிக் கிடந்த காற்று இப்போது ஒரு வாய் வழியே போகத் தொடங்கியதால் அதை அளப்பது முதன்முறையாக எளிதாயிற்று. சிறு காற்றாடி போன்ற காற்றுவேகமானியை வாயின் பல இடங்களில் பிடித்து, சராசரி வேகத்தை வாயின் பரப்பால் பெருக்கினால் கன அடி வந்துவிடும். பதினெட்டுச் சதுர அடி வாயில் நிமிடத்துக்கு ஆயிரம் அடி வேகம் என்றால் பதினெண்ணாயிரம் கன அடி. ஓரங்களில் வேகம் குறையும், நடுவில் கூடும் என்பதால் ஓரிடத்தில் மட்டும் பிடித்த அளவு பயன்படாது. ஓர் இறாத்தல் கொழுந்துக்கு நிமிடத்துக்குப் பன்னிரண்டு கன அடி அளவு காற்று என்பது தொட்டிகளுக்குப் பழக்கமான கணக்கு. வலையில் கிழிசல் இருந்தாலோ கொழுந்து மேடும் பள்ளமுமாகக் கிடந்தாலோ காற்று எளிய வழியாகவே போகும். விசிறி வாயில் எண் சரியாக இருக்கும், கொழுந்தின் பாதி பச்சையாகவே இருக்கும். தொட்டியைக் கையால் சமன் செய்யும் தொழிலாளியின் வேலை எந்தக் கருவியாலும் நீங்கவில்லை.

கண்டியைச் சுற்றிய தோட்டங்களின் பிற்காலம் கடினமானது. 1948இன் குடியுரிமைச் சட்டமும் 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமும் தொழிலாளர் குடும்பங்களை ஆயிரக்கணக்கில் இந்தியாவுக்கு அனுப்பின. 1972இலும் 1975இலும் நிலச்சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசிடம் வந்தன. மத்திய மலைநாட்டின் பழைய தேயிலை நிலங்களில் பல கைவிடப்பட்டன. வாட்டும் மாடியில் கைப்பிடியால் பதம் பார்த்த தலைமுறையின் அறிவில் ஒரு பகுதி அவர்களோடு தலைமன்னார்க் கப்பலேறியது. இதை நட்டம் என்றே சொல்லவேண்டும். ஹந்தானைத் தொழிற்சாலையும் சில காலம் பூட்டிக் கிடந்தது. 2001இல் அது இலங்கைத் தேயிலை அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. பழைய உருட்டு இயந்திரங்களையும் உலர்த்திகளையும் விசிறி இயந்திரங்களையும் இன்று அங்கே காணலாம்.

இன்று இயங்கும் தொழிற்சாலைகளில் காற்றின் கனவளவு மின்கட்டணத்தோடு பிணைந்திருக்கிறது. விசிறியின் வேகத்தை மாற்றும் மின்னணுக் கருவிகள் தொட்டிகளில் பொருத்தப்பட்டு வருகின்றன. விசிறி தள்ளும் கனவளவு அதன் சுழல் வேகத்துக்கு நேர்விகிதம். உண்டாக்கும் அமுக்கம் வேகத்தின் வர்க்கத்துக்கும், இழுக்கும் மின்வலு வேகத்தின் கனத்துக்கும் விகிதம். வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் காற்றும் ஐந்தில் ஒரு பங்கு குறையும், மின்வலு ஏறக்குறைய பாதியாகும். கொழுந்தின் மேற்பரப்பு ஈரம் போகும் முதல் மணிகளில் முழு வேகமும், இலை துவண்டு நீர் மெதுவாக வெளிவரும் பின்மணிகளில் குறைந்த வேகமும் போதும். எப்போது குறைப்பது என்பதற்கு இன்றும் மாடியில் தொங்கும் ஈர உலர் குமிழ் வெப்பமானியையே பார்க்கிறார்கள்.